சேலை அகலமும் ஒரு முழமும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம் இது. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் வெளியிடுகிறோம். ஊக்குநர்கள் தங்கள் குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டவும்.)



வழக்கமா நான் மைக்கைப் பிடிச்சா சேமிப்பு, சந்தா, உள்கடன், தணிக்கைன்னுதான் ஆரம்பிப்பேன். "இந்தம்மா நோட்டைக் கொண்டாங்கன்னு கேட்கப் போகுது"ன்னு நீங்களும் தயாரா இருப்பீங்க. இன்னைக்கு நோட்டு வேண்டாம். இன்னைக்கு ரோட்டைப் பத்திப் பேசப் போறேன். (சிரிப்பு)

சிரிக்காதீங்க. கடன் தவணைக்கும் ரோட்டுக்கும் சம்பந்தம் இருக்கு. எப்படின்னு சொல்றேன்.

நம்ம கூட்டமைப்பில் ஒரு உறுப்பினர். பேர் வேண்டாம், அவங்களும் இங்கதான் உட்கார்ந்திருக்காங்க. குழுக் கடன் வாங்கி ஒரு கறவை மாடு பிடிச்சாங்க. காலையில் ஆறு மணிக்கு சைக்கிள் கேரியரில் பால் கேனைக் கட்டிக்கிட்டு மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பால் சொசைட்டிக்குப் போவாங்க. ஒரு நாள்கூட தவணை தவறினது கிடையாது. போன மாசம் ஒரு நாள், பின்னால வந்த ஒரு மினி பஸ் அவங்களை ஒட்டிப் போயிருக்கு. இடிக்கலை. உரசக்கூட இல்லை. ஆனா அந்தக் காத்து அடிச்ச வேகத்தில் ஹேண்டில்பார் ஆடி, சக்கரம் தார் விளிம்பை விட்டுக் கீழே இறங்கி, கேனோட விழுந்துட்டாங்க. முழங்கையில் எலும்பு விரிசல். பால் அவ்வளவும் மண்ணில். பஸ் நிக்கவே இல்லை. அந்த டிரைவருக்கு, தன்னால ஒருத்தர் விழுந்தாங்கன்னே தெரிஞ்சிருக்காது.

அன்னையில இருந்து அந்த அக்கா சைக்கிளைத் தொடலை. அது மட்டுமில்லை. பத்தாவது படிக்கிற அவங்க பொண்ணையும் சைக்கிளில் அனுப்பப் பயந்து நிறுத்திட்டாங்க. பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர். பஸ் நேரத்துக்கு இல்லை. வாரத்தில் ரெண்டு நாள் அந்தப் பொண்ணு லீவு. பாலை இப்ப வீட்டுக்கே வர்ற வியாபாரிக்கு ஊத்துறாங்க, சொசைட்டி விலையைவிடக் குறைச்சலா. மூணு மாசத்தில் தவணை தள்ளிப் போகும். பொதுத்தேர்வு வரும்போது அந்தப் பொண்ணு என்ன ஆவாள்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு வண்டி ரெண்டு அடி தள்ளிப் போயிருந்தா இது எதுவுமே இல்லை.

சைக்கிள் நமக்கு என்ன கொடுத்தது?

வயசுல பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோட சேர்த்து சைக்கிளும் கத்துக் கொடுத்தாங்க. அப்போ மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா அதுக்குப் பெரிய ஊக்கம் கொடுத்தாங்க. கல்குவாரியில் வேலை செய்யறவங்க, விவசாயக் கூலிங்க, அங்கன்வாடிப் பணியாளருங்கன்னு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்கலைன்னா ஜென்ட்ஸ் சைக்கிளை ஓட்டினாங்க. "பொம்பளை சைக்கிள் ஓட்டுறதா?"ன்னு கேலி பேசினவங்க வாயை அடைச்சாங்க. தண்ணிக் குடம், விறகு, பிள்ளைன்னு எல்லாத்தையும் சைக்கிளில் ஏத்திக்கிட்டு, யாரையும் எதிர்பார்க்காம போக ஆரம்பிச்சாங்க.

அப்புறம் 2001-02 கல்வியாண்டில் பிளஸ் ஒன் படிக்கிற ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குன்னு தொடங்கின இலவச சைக்கிள் திட்டம், படிப்படியா மற்றப் பிள்ளைகளுக்கும் விரிஞ்சுது. இன்னைக்கு நம்ம ஊர்ப் பொண்ணுங்க பன்னிரண்டாவது முடிக்கிறாங்கன்னா அதில் அந்தச் சைக்கிளுக்கும் பங்கு உண்டு.

அவ்வளவு பாடுபட்டு ஏறின சைக்கிளை விட்டு, ஊர்ப் பேச்சுக்குப் பயந்து நாம இறங்கலை. இப்போ வண்டிக்குப் பயந்து இறங்கிக்கிட்டிருக்கோம். அதனாலதான் இதைக் கூட்டமைப்பில் பேசணும்னு நினைச்சேன்.

வண்டிக்காரர் ஏன் ஒட்டிப் போறார்?

"திமிரு பிடிச்சவனுங்க"ன்னு ஒரு வார்த்தையில் சொல்லிடலாம். சில பேர் அப்படித்தான். ஆனா எல்லா டிரைவரும் கெட்டவங்க கிடையாது. நம்ம அண்ணன் தம்பி, நம்ம வீட்டுக்காரர், நம்ம பிள்ளைங்கதான் பாதிப் பேர். நல்ல மனுஷனும் ஏன் இப்படி ஓட்டுறார்? நான் சில டிரைவர்கள்கிட்ட உட்கார்ந்து பேசினேன், ரோட்டையும் டேப் வச்சு அளந்து பார்த்தேன். தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல் காரணம், ரோட்டோட அகலம். நம்ம கிராமச் சாலை பெரும்பாலும் 3.75 மீட்டர். அதாவது பன்னிரண்டே கால் அடி. ஒரு பஸ்ஸோட அகலம் இரண்டரை மீட்டர், எட்டு அடிக்குக் கொஞ்சம் மேல. மீதி நாலு அடி. சைக்கிளோட ஹேண்டில்பார் மட்டும் ரெண்டு அடி. ஆக, பஸ் வலது பக்கம் தார் விளிம்பை ஒட்டியே போனாலும் நமக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ரெண்டு அடிதான். கேரியரில் புல்லுக்கட்டு இருந்தா அதுவும் இல்லை.

சரி, பெரிய ரோடு? இருவழிச் சாலை ஏழு மீட்டர், இருபத்து மூணு அடி. அதில் பஸ்ஸும் எதிரில் லாரியும் ஒரே நேரத்தில் வந்தா ரெண்டும் சேர்ந்து பதினாறரை அடி. மீதி ஆறரை அடி. அதில் சைக்கிளுக்கு ரெண்டு, பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் ரெண்டு. நமக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் மிஞ்சறது ரெண்டரை அடி. வேண்டியது ஐந்து அடி. கணக்கு எந்தப் பக்கம் போட்டாலும் வரலை பாருங்க. பஸ், லாரி, சைக்கிள் மூணும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் போகவே இடம் கிடையாது. யாராவது ஒருத்தர் பின்னால காத்திருக்கணும். பின்னால வர்ற பஸ்தான் காத்திருக்கணும். ஆனா அது காத்திருக்கிறதில்லை.

ரெண்டாவது காரணம், டிரைவர் உட்கார்ந்திருக்கிற இடம். நம்ம நாட்டில் ஸ்டியரிங் வலது பக்கம். நாம போறது இடது பக்கம். அவர் கண்ணுக்கு நேரா தெரியறது எதிரில் வர்ற லாரி. அந்த லாரி மேல மோதினா அவர் உயிர் போகும். சைக்கிள் மேல பட்டா அவருக்கு ஒரு கீறல்கூட விழாது. அதனால மனசு என்ன பண்ணுதுன்னா, வலது பக்கம் தாராளமா இடம் விட்டு, இடது பக்கம் கஞ்சத்தனம் பண்ணுது. இது அவர் உட்கார்ந்து யோசிச்சுப் பண்றது இல்லை. தன் உயிருக்கான பயம் தானாப் பண்ண வைக்குது. பெரிய வண்டிக்கு இடது பக்கம் தெரியாத மறைவும் அதிகம். முன்னாடியெல்லாம் லாரியில் கிளீனர் இடது பக்கம் எட்டிப் பார்த்துச் சொல்லுவார். இப்போ நிறைய வண்டியில் டிரைவர் மட்டும்தான்.

மூணாவது, ஹாரன். "ஹாரன் அடிச்சேன், அவங்கதான் ஒதுங்கலை"ன்னு எல்லா டிரைவரும் சொல்றாங்க. ஹாரன் அடிச்சதோட தன் கடமை முடிஞ்சுதுன்னு நினைக்கிறாங்க. நாம எங்க ஒதுங்கறது? தாருக்குக் கீழே அரை அடிப் பள்ளம், அதுக்கு அந்தப் பக்கம் சீமைக் கருவேலம் முள். இன்னும் ஒண்ணு, முதுகுக்குப் பின்னால திடீர்னு ஏர் ஹாரன் அடிச்சா உடம்பு தூக்கிப் போடும். தூக்கிப் போட்டா சைக்கிள் ஆடும். ஒதுங்கச் சொல்லி அடிச்ச ஹாரனே விழ வச்சிடும்.

நாலாவது, டைமிங். நாலு நிமிஷத்துக்குப் பின்னால அடுத்த பஸ். முன்னாடி போனாதான் ஆள் ஏறும், வசூல் வரும். லோடு வண்டிக்கு நடைக்கு இவ்வளவுன்னு கூலி. ஒரு நடை கூட அடிச்சாதான் வண்டித் தவணை கட்ட முடியும். அவருக்கும் தவணை இருக்கு. ஆனா கணக்குப் பார்த்தா, ஒரு சைக்கிளுக்குப் பின்னால பத்து விநாடி மெதுவா வந்தா அவருக்கு ஆகிற தாமதம் அரை நிமிஷம்கூட இல்லை. அந்த அரை நிமிஷம் அடுத்த ஸ்டாப்பிங்கில் ஒரு பாட்டி சுருக்குப் பையில் சில்லறை தேடுறதில் போயிடும். (சிரிப்பு)

ஐந்தாவதுதான் முக்கியமானது. அவருக்குத் தப்பு நடந்ததே தெரியறதில்லை. ஒரு நாளைக்கு முப்பது சைக்கிளை ஒட்டிப் போறார். முப்பது பேரும் விழலை. "சரியாத்தான் ஓட்டுறேன்"னு நம்பிக்கை வருது. பத்து வருஷம் இப்படியே ஓட்டினா அந்த நம்பிக்கை இறுகிப் போயிடும். நமக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சது, கை நடுங்கினது, ரோட்டோரம் உட்கார்ந்து அழுதது எதுவும் கண்ணாடியில் தெரியாது. அவர் அடுத்த வளைவு தாண்டிட்டார். நாம சொல்றதுமில்லை. "நல்லவேளை, விழலை"ன்னு வீட்டுக்கு வந்து வேலையைப் பார்க்கிறோம்.

ஆறாவது, மரியாதை. கார் முன்னால போனா பொறுமையா பின்னால வர்றவர், சைக்கிள் முன்னால போனா பொறுக்கிறதில்லை. சைக்கிள்னா இல்லாதவங்க வண்டி, அதுக்கு ரோட்டில் பாதி உரிமைதான்னு ஒரு எண்ணம். ரோடு போட நாமும்தான் வரி கட்டுறோம். தீப்பெட்டி வாங்கினாலும் வரி, சோப்பு வாங்கினாலும் வரி.

தூரம் அவர் கையில்தான் இருக்கு

இங்கிலாந்து நாட்டில் இயான் வாக்கர்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர். 2006-ல் தன் சைக்கிளில் தூரம் அளக்கும் கருவியை மாட்டிக்கிட்டு ரோட்டில் ஓட்டினார். தன்னைத் தாண்டிப் போன ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் எவ்வளவு தள்ளிப் போச்சுன்னு பதிவு பண்ணினார். சில நாள் நீளமான பொய்முடி வச்சுக்கிட்டார், பின்னால பார்த்தா பெண் மாதிரி தெரியணும்னு. அந்த நாட்களில் வண்டிகள் சராசரியா அரைச் சாணுக்கும் கொஞ்சம் கூடுதலா தள்ளிப் போச்சு. பஸ்ஸும் லாரியும்தான் அதிகமா ஒட்டிப் போனதாகவும் பதிவாச்சு. அந்த ஆராய்ச்சி நடக்கும்போதே அவரை ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் இடிச்சும் இருக்கு.

இதில் நமக்கு என்ன பாடம்? அதே ரோடு, அதே சைக்கிள், அதே ஆள். முன்னால போறது யாருன்னு டிரைவர் நினைக்கிறதை வச்சு தூரம் மாறுது. அப்படின்னா இந்தத் தூரம் விதி இல்லை. டிரைவர் எடுக்கிற முடிவு. முடிவுன்னா மாத்தலாம்.

மாத்தியும் காட்டியிருக்காங்க. அதே இங்கிலாந்தில் மேற்கு மிட்லண்ட்ஸ் போலீஸ் 2016-ல் ஒரு வேலை பண்ணினாங்க. ஒரு போலீஸ்காரர் சாதா உடையில் சைக்கிள் ஓட்டுவார். யாராவது ஒட்டிப் போனா கொஞ்ச தூரத்தில் நிக்கிற போலீஸுக்குத் தகவல் போகும். வண்டியை நிறுத்தி, தரையில் ஒரு விரிப்பை விரிச்சு, சைக்கிளுக்கும் வண்டிக்கும் எவ்வளவு இடம் விடணும்னு படம் போட்டுக் காட்டுவாங்க. மோசமா ஓட்டினவங்க மேல வழக்கும் போட்டாங்க. ஜெர்மனியில் 2020-ல் சட்டமே போட்டாச்சு. ஊருக்குள்ள 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் தள்ளித்தான் சைக்கிளைத் தாண்டணும்.

நம்ம நாட்டிலும் 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில், நடந்து போறவங்க, சைக்கிளில் போறவங்க, குழந்தைங்க, வயசானவங்க, மாற்றுத்திறனாளிங்க மேல டிரைவர் தனிக் கவனம் வைக்கணும்னு இருக்கு. அடுத்தவருக்கு ஆபத்து வரும்னா முந்தவே கூடாதுன்னும் இருக்கு. ஆனா இத்தனை அடின்னு ஒரு அளவு அதில் இல்லை. அளவை நாமளே வச்சுக்குவோம்.

(இந்த இடத்தில் இரண்டு உறுப்பினர்கள் மேடைக்கு வந்து ஒரு சேலையைத் தரையில் விரித்தார்கள். நமது கூட்டமைப்பில் கடன் பெற்று லோடு ஆட்டோ ஓட்டும் ஓர் உறுப்பினரின் மகனும் அழைக்கப்பட்டார்.)

1.5 மீட்டர்னா ஐந்து அடி. டேப் எல்லார் வீட்டிலும் இருக்காது, சேலை இருக்கு. சேலையோட அகலம் மூணே முக்கால் அடி. அதோட ஒரு முழம். சேலை அகலமும் ஒரு முழமும், இதுதான் ஐந்து அடி. தம்பி, நீ சைக்கிளில் ஏறி உட்காரு. ஸ்டாண்ட் போட்டிருக்கு, விழ மாட்டே. உன் ஹேண்டில்பார் நுனியில் இருந்து சேலையை விரிச்சிருக்கோம். அந்த முழத்துக்கு அப்புறம்தான் உன் ஆட்டோ போகணும். நீ வழக்கமா எவ்வளவு விடுவே? சேலையை மடிச்சுக் காட்டு.

(அவர் சேலையை நான்காக மடித்தார். கூட்டத்தில் சிரிப்பு.)

சிரிக்க வேண்டாம். தம்பி உண்மையைச் சொல்லியிருக்கார், அதுக்கு ஒரு கைதட்டு கொடுங்க. நானும் ஒரு உண்மையைச் சொல்லணும். களப்பணிக்கு ஸ்கூட்டியில்தான் போறேன். ரெண்டு வாரம் முன்னாடி மீட்டிங்குக்கு நேரமாச்சுன்னு வேகமாப் போனேன். ஒரு பெரியவர் சைக்கிளில் போயிட்டிருந்தார். ஹாரன் அடிச்சேன், தாண்டினேன். தாண்டின பிறகு கண்ணாடியில் பார்த்தா, அவர் ஒரு காலை ஊன்றி நின்னுட்டிருந்தார். நான் விட்டது ஒரு முழம்கூட இருக்காது. இந்தப் பேச்சைத் தயார் பண்ணிக்கிட்டிருந்த நானே அப்படித்தான் ஓட்டினேன். திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் ரொம்ப ஆச்சரியமாப் பார்த்தார். அவர்கிட்ட இதுக்காக யாரும் மன்னிப்புக் கேட்டதே இல்லையாம்.

ஐந்து அடி ஏன் வேணும்?

சைக்கிள் கோடு போட்ட மாதிரி நேரா போகாது. நல்லா ஓட்டுறவங்களுக்கே ரெண்டு பக்கமும் அரை அடி ஆடும். சுமை இருந்தா, மேடு ஏறினா, எதிர்க்காத்து அடிச்சா இன்னும் ஆடும். பள்ளம் வந்தா ஒரு அடி விலகுவோம். பெரிய வண்டி வேகமாப் போகும்போது காத்து முதல்ல நம்மை வெளியே தள்ளும், அப்புறம் வண்டிப் பக்கமா இழுக்கும். அந்த இழுப்பில்தான் நிறையப் பேர் தடுமாறுறாங்க. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வர்ற வண்டி ஒரு விநாடியில் ஐம்பத்தைந்து அடி ஓடும். நாம ஆடினதைப் பார்த்து பிரேக் போட அவருக்கு நேரம் இருக்காது. அந்த ஆட்டத்துக்கு இடம் முன்கூட்டியே விட்டிருந்தாதான் உண்டு.

நாம செய்ய வேண்டியது

தப்பு ஓட்டுறவர் மேலதான். அதை முதல்ல சொல்லிடறேன். "நீ ஏன் சைக்கிளில் போனே?"ன்னு விழுந்தவங்களைத் திட்டற பழக்கத்தை வீட்டில் விடணும். ஆனாலும் உயிர் நம்முடையது. சில விஷயங்கள்:

தார் விளிம்பிலேயே ஓட்டாதீங்க. விளிம்பில் இருந்து ஒரு முழமாவது உள்ளே ஓட்டுங்க. விளிம்பிலேயே போனா, ஆபத்து வரும்போது விலக இடம் இருக்காது. அந்த ஒரு முழம் நம்ம கையில் இருக்கிற சேமிப்பு மாதிரி. அவசரத்துக்கு எடுக்கலாம்.

பள்ளத்தைத் தூரத்திலேயே பார்த்து, பின்னால திரும்பிப் பார்த்து, அப்புறம் மெதுவா விலகுங்க. சட்டுன்னு வெட்டாதீங்க. வலது பக்கம் திரும்பணும்னா கையை நல்லா நீட்டிக் காட்டுங்க.

முன்னாடியும் பின்னாடியும் ஒரே நேரத்தில் பெரிய வண்டி வந்தா, மேல சொன்ன கணக்கை நினைச்சுக்குங்க. மூணுக்கும் இடம் இல்லை. இறங்கி ஓரமா நில்லுங்க. அதில் அவமானம் ஒண்ணும் கிடையாது. பஸ், லாரி இடது பக்கம் திரும்பும்போது அதோட பக்கத்தில் புகுந்து போகாதீங்க. முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் வராது, இன்னும் உள்ளே வெட்டித்தான் வரும்.

முந்தானையை இடுப்பில் செருகுங்க. பொண்ணுங்க துப்பட்டாவைப் பின் குத்திக்கட்டும். ஹேண்டில்பாரில் பை மாட்டாதீங்க, சுமையைக் கேரியரில் நடுவில் கட்டுங்க. விடியக்காலை போறவங்க பின் மட்கார்டில் சிவப்பு ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்க. விலை ரொம்பக் குறைச்சல். டிரைவர் முன்கூட்டியே பார்த்தாதான் முன்கூட்டியே விலகுவார்.

பொண்ணுங்க பள்ளிக்கூடம் போகும்போது பைக்கில் வர்ற பசங்க வேணும்னே ஒட்டி வர்றது, துப்பட்டாவை இழுக்கிறது வேற விஷயம். அது ஓட்டத் தெரியாத தப்பு இல்லை, குற்றம். 1998-லேயே இதுக்குத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தாச்சு. சைக்கிளை நிறுத்திப் பூட்டி வைக்காதீங்க, பொண்ணை வீட்டில் உட்கார வைக்காதீங்க. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு, பெண்கள் உதவி எண் 181-க்குச் சொல்லுங்க. குழுவா காவல் நிலையம் போங்க.

கூட்டமைப்பு செய்ய வேண்டியது

ஒண்ணு, நம்ம கடனில் எத்தனை லோடு ஆட்டோ, ஷேர் ஆட்டோ, டிராக்டர் ஓடுது? அந்த வண்டி எல்லாம் நம்ம கையெழுத்தில் வந்தது. வண்டிக் கடன் கொடுக்கிற அன்னைக்கு, ஓட்டப் போறவரை வரச் சொல்லி, இந்தச் சேலையை விரிச்சுக் காட்டுவோம். கரும்பு ஏத்தின டிராக்டர்காரருக்குக் கட்டாயம் சொல்லணும். டிப்பரைவிட வெளியே நீட்டிக்கிட்டிருக்கிற கரும்பு எவ்வளவு அகலம்னு அவர் மறந்துடறார்.

ரெண்டு, மினி பஸ் உரிமையாளரையும் டிரைவர்களையும் சண்டைக்கு இல்லாம பேச்சுக்குக் கூப்பிடுவோம். அவங்களும் ஒரு தடவை சைக்கிளில் உட்கார்ந்து, பக்கத்தில் பஸ் நிக்கிறதைப் பார்க்கட்டும். நிக்கிற பஸ்ஸே எவ்வளவு பயமா இருக்குன்னு தெரிஞ்சுக்கட்டும்.

மூணு, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 இந்த நாட்களில் கூடுது. ரோட்டோரப் பள்ளத்தை மண் போட்டுத் தாரோட சமமா ஆக்கணும், சீமைக் கருவேலத்தை வெட்டணும், பள்ளிக்கூடத்துக்கு முன்னால வேகத்தடை வேணும், வேகத்தடைக்கு வெள்ளை பெயிண்ட் அடிக்கணும்னு தீர்மானம் போடணும். முதல்ல அந்த ரோடு பஞ்சாயத்துடையதா, ஒன்றியத்துடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதான்னு கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. தப்பான ஆபீஸில் மனுக் கொடுத்தா ஒரு வருஷம் அலைய வேண்டியதுதான். நடக்கலைன்னா திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுப்போம்.

நாலு, விபத்து நடந்தா 108-க்குக் கூப்பிடுங்க. உதவி செஞ்சவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு 2019 சட்டத் திருத்தம் பாதுகாப்புக் கொடுக்குது, பயப்படாதீங்க. 2021-ல் தமிழ்நாடு அரசு தொடங்கின 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வழி இருக்கு. வண்டி நம்பரைக் குறிச்சுக்குங்க, முழுசாத் தெரியலைன்னா கடைசி நாலு நம்பர். காவல் நிலையத்தில் புகார் பதிவு பண்ணுங்க, பிறகு இழப்பீடு கேட்க உதவும். இடிச்ச வண்டி எதுன்னே தெரியாம போனாலும், 2022 ஏப்ரல் 1 முதல் உள்ள மத்திய அரசுத் திட்டத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், பலத்த காயம் பட்டவருக்கு 50 ஆயிரம் ரூபாய் உண்டு. 2022-ல் மட்டும் நம்ம நாட்டில் ரோடு விபத்தில் 1,68,491 பேர் செத்துப் போனாங்கன்னு அரசாங்கக் கணக்கே சொல்லுது. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலயும் ஒரு குடும்பம், ஒரு கடன், ஒரு பிள்ளையோட படிப்பு.

கடைசியா ஒண்ணு. ஒட்டிப் போன வண்டியை "போனாப் போகுது"ன்னு விடாதீங்க. நேரம், இடம், வண்டி நம்பர் மூணையும் குழு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்க. ஒருத்தர் சொன்னா "அந்தம்மாவுக்கு ஓட்டத் தெரியலை"ம்பாங்க. இருபது குழுவில் எழுதி, அதே வளைவு, அதே பஸ்னு வந்தா யாரும் அப்படிச் சொல்ல முடியாது. பார்த்தீங்களா, கடைசியில் நோட்டுக்கே வந்துட்டேன்! (சிரிப்பு)

அந்த அக்காவோட சைக்கிள் இப்போ வீட்டுத் திண்ணை ஓரம் சாத்தி இருக்கு. ரெண்டு டயரிலும் காத்து இல்லை. கை சரியாயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். பயம்தான் இன்னும் சரியாகலை. அது அவங்க ஒருத்தராலே சரியாகாது. வர்ற திங்கட்கிழமை காலையில் அந்தத் தெருவில் இருந்து சொசைட்டிக்குப் போற நாலு பேரும் அவங்களோட சேர்ந்து வரிசையாப் போறதாச் சொல்லியிருக்காங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஆறு பேரும் அப்படியே. நான் பம்ப் எடுத்துக்கிட்டு வர்றேன்.



கூட்டத்தில் எடுக்கப்பட்ட தீர்மானங்கள்

1. வாகனக் கடன் பெறும் ஒவ்வொரு குடும்பத்திலும் வண்டி ஓட்டுபவருக்கு, கடன் வழங்கும் நாளிலேயே "சேலை அகலமும் ஒரு முழமும்" செய்து காட்டப்படும்.

2. ஒவ்வொரு குழுவும் ஒட்டிச் சென்ற வாகனங்களின் விவரத்தை நோட்டில் எழுதி, மாதக் கூட்டத்தில் கொடுக்க வேண்டும்.

3. சைக்கிள் ஓட்டும் உறுப்பினர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் ஒளிரும் ஸ்டிக்கர் மொத்தமாக வாங்கி வழங்கப்படும்.

4. ரோட்டோரப் பள்ளங்களைச் சரி செய்யக் கோரி அடுத்த கிராம சபையில் எல்லாக் குழுக்களும் சேர்ந்து மனு கொடுக்கும்.